ஒரு முழ ரப்பர்

சவரிமுத்து டிரஸ்ஸரை நாடு கடத்தியவன் நான்தான். போலீஸ் அல்ல, துரை அல்ல, காட்டில் ஒளிந்திருந்தவர்களும் அல்ல. நான்!

இத்தனை வருடத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் காறித் துப்பினாலும் இங்கே எனக்குக் கேட்காது என்கிற தைரியம்தான், வேறென்ன?

மலாயாவில், காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த சமயம். ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், ரப்பர்த் தகடுகளுக்குப் புகைபோடும் கூடத்தில் எனக்கு வேலை. இஞ்சின் வேலையை நான் முறையாகக் கற்றவனில்லை. தோட்டத்து லோரியைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவே. ஆனால் வாய் மட்டும் பெரிய மெக்கானிக்கின் வாய்!

சவரிமுத்து ஐயா தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம் வரை எல்லாம் அவர் கைதான். என் மகள் மலேரியாவில் நடுங்கிக் கிடந்தபோது மூன்று நாள் தொழிலாளர் வரிசையில் எங்கள் லயத்து வீட்டிலேயே உட்கார்ந்து அவளை மீட்டுக் கொடுத்தவர். அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் தென்னோலைக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றிய கார். அதன் இஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை... நான் பார்க்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

அவர் வீட்டு வாசலில், முன்சக்கரங்களை இரண்டு கட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு அடியில் படுத்தேன். எண்ணெய் தேங்கும் தட்டைக் கழற்றினேன். தட்டும் இஞ்சினும் சேருமிடத்தில் ஒழுகாமலிருக்க ஒரு தக்கைப் பட்டை வைத்திருப்பார்கள், கேஸ்கட் என்பார்கள். அது என் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"ராவாங்குல சீனர் கடையில கிடைக்கும் தம்பி. ரெண்டு நாள் ஆனா ஆவட்டும்லா, வாங்கியாந்துடலாம்" என்றார் அவர்.

"ரெண்டு நாளு எதுக்குங்கய்யா? ஊரு உலகத்துக் காருக்கெல்லாம் நாமதானே ரப்பர் குடுக்குறோம்! நம்ம காருக்கு ஒரு துண்டு இல்லாமயா போயிரும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று மாலை கூடத்திலிருந்து ஒரு முழம் ரப்பர்த் தகட்டைச் சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன். தட்டின் அளவுக்கு வெட்டி, ஆணியைக் காய்ச்சித் துளை போட்டேன். ஐயா பக்கத்தில் குந்தியிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "கேட்டுட்டுத்தானே எடுத்தே?" என்றார். நான் தலையைச் சொறிந்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டுவிட்டு அடியில் எட்டிப் பார்த்தேன்.

ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று...

விரலால் தடவினேன். ரப்பரின் விளிம்பு ஊறி உப்பிப் பிசுபிசுத்தது. ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது! எண்ணெய் பட்டு ஊறிய தகடுகளைக் கழித்துப் போட்ட கை இது. எனக்கா தெரியாது? பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை? "நம்ம ரப்பர்" என்று பீற்றிக்கொண்ட வாயால் தோற்றேன் என்று சொல்ல மனம் வரவில்லை. போல்ட்டுகளை இன்னும் இறுக்கினேன். பழந்துணியால் நன்றாகத் துடைத்தேன்.

"ஆச்சுங்கய்யா. இனிமே ஒரு சொட்டு ஒழுவாது."

அன்றைக்கே உலு யாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே லயம் முழுக்கக் காய்ச்சல். ஐயா பெர்மிட் வாங்கி, மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காட்டோரத்து வளைவில் எண்ணெய் முழுக்க வடிந்து, இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமென்று தகர டின்னோடு ஓடைக்கு இறங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பட்டாளத்து லோரி வந்தது. ஆளில்லாத கார். உள்ளே மருந்துப் பெட்டி. காட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறார் ஒரு மனிதர்... காட்டிலிருப்பவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு வருகிறார் என்றுதானே நினைப்பார்கள்? நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ரோட்டில் சிந்திய எண்ணெயையும் அடித்த மழை கழுவிவிட்டது.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். மூலையில் பெஞ்சு மேல், கையில் விலங்கோடு, சவரிமுத்து ஐயா.

இன்ஸ்பெக்டர் சொன்னதை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தமிழில் கேட்டார். "எண்ணெய் ஒழுகித்தான் வண்டி நின்னுச்சுன்னு டிரஸ்ஸர் சொல்றாரு. நீதானே ரிப்பேர் செஞ்சே? ஒழுகுமா, ஒழுகாதா?"

ஒழுகும் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் ரப்பர். ரப்பர் என்றால் எங்கே எடுத்தாய்? துரை முன்னால் நான் திருடன். அந்தக் காலத்தில் திருடனோடு நிறுத்துவார்களா? வேண்டுமென்றே காரைக் கெடுத்தாயா, யார் சொல்லிச் செய்தாய் என்று தோண்டுவார்கள். என் பெண்டாட்டி பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

ஐயாவைப் பார்த்தேன். ரப்பர் விஷயத்தை அவரே சொல்லிவிடுவாரோ? அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுவாதுங்க. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

வாய் கூசாமல் சொன்னேன்! அந்த வார்த்தையைத்தான் எழுதிக்கொண்டார்கள். காரைத் தூக்கிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்கவில்லை.

இழுத்துவந்த காரை அவர் வீட்டு வாசலிலேயே போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ஐயா இன்னும் லாக்கப்பில் இருந்தபோதே, நானாகப் போய்த் தட்டைக் கழற்றினேன். என் ரப்பர், குழம்பில் ஊறிய அப்பளம்போல் தொளதொளத்துத் தொங்கியது. அவரை மீட்கிற அத்தாட்சி என் கையில் இருந்தது. கேட்டீர்களா? என் கையில்! அதைப் புகைக்கூடத்து அடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன்.

கைதிகள் முகாமில் வைத்திருந்துவிட்டு, பிறகு அவரை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவர் மனைவி ஞானம்மா அக்காவும் பிள்ளைகளும் பின்னாலேயே புறப்பட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் அக்கா எங்கள் லயத்துக்கு வந்தார். என் மகளின் தலையைத் தடவினார். என் கையில் கார்ச் சாவியை வைத்தார்.

"உன்கிட்டதான் குடுக்கச் சொன்னாரு தம்பி. கப்பல் ஏர்றதுக்கு முந்தி பாக்க விட்டாங்க, அஞ்சு நிமிசம். அதுல உன்னைப் பத்தித்தான் பேசுனாரு. 'ரப்பர் விசயத்த நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல, அவனையும் தொறக்க வேணாம்னு சொல்லு. புள்ளகுட்டிக்காரன்'னாரு."

நான் நிற்கிறேன். அந்தத் திருட்டு ரப்பரால்தான் ஒழுகியது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது... அந்த ஆபீசில் என் பொய் காதில் விழுந்தபோதும் தெரிந்திருக்கிறது!

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அது என்ன ரப்பரு தம்பி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.