மூன்றாம் மாடி வரைக்கும் சட்டம்

"இந்தக் கோர்ட்டுல எனக்குத் தெரியாத சட்டம்னு ஒண்ணு இருந்தா, அதை இன்னும் எழுதலைன்னு அர்த்தம்" என்று நீதிமன்றக் கட்டடத்தின் லிஃப்ட்காரர் ஒருநாள் கேன்டீனில் அறிவித்தார். சாட்சிகள் இரண்டு பியூன்கள், ஒரு டைப்பிஸ்ட். யாரும் மறுப்பு தாக்கல் செய்யாததால் அன்றிலிருந்து அவர் ஜட்ஜய்யா ஆனார்.

அவர் படித்த கல்லூரி நாலடிக்கு நாலடி இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்டூல், சுற்றாத மின்விசிறி, இருபத்திரண்டு வருடம். வக்கீல்கள் தரைத்தளத்தில் வாதத்தைத் தொடங்குவார்கள். மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் மீதி வாதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே ஜட்ஜய்யாவுக்கு எல்லாச் சட்டமும் மூன்றாம் மாடி வரைக்கும் அத்துப்படி. அதற்கு மேல் உள்ளதைச் சொந்தப் பொறுப்பில் அவரே பூர்த்தி செய்துகொள்வார்.

கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன்னால், தங்கை குடியிருந்த தெருவில் சாய ஆலையின் பாய்லர் வெடித்தது. தங்கை தையல்காரி. சுவர் அந்தப் பக்கம் விழுந்தபோது மெஷினில் இருந்தாள். கொதிநீராவி வலது கையை அவித்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் இரண்டு விரலாவது கத்தரிக்கோல் பிடிக்கும், ரொம்ப நாள் தள்ளக்கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த வருடம் ஒரு காலையில் லிஃப்டுக்குள் ஒரு குட்டை வக்கீல் தன் குமாஸ்தாவிடம் பேசிக்கொண்டு வந்தார். ஆலைக்கு அரசாங்கம் பன்னிரண்டு கோடி அபராதம் போட்டுவிட்டதாம். "அந்தப் பணத்துல தெருவுக்கு..." என்றார். கதவு திறந்துவிட்டது.

போதாதா? மீதியை ஜட்ஜய்யா பூர்த்தி செய்தார்.

அந்த வாரமே தெருவில் ஏழு வீட்டார் சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடித்து, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடக் கிளம்பினார்கள். தங்கையும் கையெழுத்துப் போட இருந்தாள். அண்ணன் தடை உத்தரவு பிறப்பித்தார்.

"அபராதம் யாரு கட்டுறான்? ஆலைக்காரன். எதுக்குக் கட்டுறான்? உன் கைக்கு. கவர்மென்ட்டே வாங்கி உன் கையில கொடுக்கும்போது நடுவுல வக்கீலுக்கு எதுக்கும்மா தண்டம்?"

எங்க அண்ணன் கோர்ட்டுலயே இருக்காரு என்று பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்லிவிட்டு அவள் ஒதுங்கிக்கொண்டாள். ஆபரேஷனையும் பணம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். பழைய செய்தித்தாளை இடது கையால் வெட்டிப் பழகினாள். வெட்டினதெல்லாம் எலி கடித்த மாதிரி வந்தது. கணவன் மட்டும் மாதம் தவறாமல், "ஜட்ஜு தீர்ப்பு சொல்லிட்டாரு, பணம்தான் வாய்தா வாங்குது" என்பான்.

போன வியாழக்கிழமை மதியம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. உள்ளே ஜட்ஜய்யா, குட்டை வக்கீல், குமாஸ்தா. பதினொரு நிமிடம். அவருடைய நீண்ட சட்ட வாழ்க்கையில் ஒரு பேச்சைக் கடைசிவரை கேட்டது அன்றுதான்.

இருட்டில் குமாஸ்தா சாய ஆலை விஷயத்தை எடுத்தான். அபராதம் ஆலை செய்த குற்றத்துக்கு. அது நேராக அரசாங்கக் கஜானாவுக்குப் போய் ரொம்ப நாளாகிறது, தெருவுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது என்றார் வக்கீல். அடிபட்டவர்கள் சிவில் கோர்ட்டில் தனியாகக் கேட்டால்தான் நஷ்டஈடு. ஏழு வீட்டுக்கும் தீர்ப்பாகிவிட்டது.

"கேக்காம விட்டவங்க?" என்றான் குமாஸ்தா.

"மூணு வருஷம்தான்ப்பா கெடு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மனு போடலைன்னா அம்போதான். என்ன ஜட்ஜய்யா, சரிதானே?"

ஜட்ஜய்யா ஸ்டூலை விட்டு எழுந்தார். என் தங்கச்சி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இருபத்திரண்டு வருடம் படித்து வாங்கிய பட்டம் இந்தப் பெட்டிக்குள்ளேயே பறிபோகும்.

"சரிதான் சார்" என்றார்.

மின்சாரம் வந்தது. அவர்கள் இறங்கிப் போனார்கள். பெட்டி மேலே போயிற்று, கீழே வந்தது. எந்த மாடியில் கதவு திறந்தாலும் அவருக்கு மட்டும் இறங்க வழியில்லை. பெட்டிக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள், அவரும் நாளைய அஞ்சு மணியும்.

டூட்டி முடிந்ததும் தங்கைக்கு போன் செய்து, காலையில் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வரச் சொன்னார்.

"பணம் வந்துடுச்சாண்ணா?"

"வாம்மா" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, நல்லபடி ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் மேல் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு, தங்கையைப் படியேற்றி மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். குட்டை வக்கீல் சீட்டுகளைப் புரட்டினார். அவளுடைய கையைப் பார்த்தார். அபராதம் வேறு, நஷ்டஈடு வேறு என்று ஆரம்பத்திலிருந்து பொறுமையாகச் சொன்னார். மனுவை மதியத்துக்குள் போட்டுவிடலாம், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நீதிபதி கேட்பார், அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அறை மூலையில், அன்று கேன்டீனில் சாட்சியாயிருந்த டைப்பிஸ்ட் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

தங்கை வக்கீல் பக்கம் திரும்பவேயில்லை. வழக்கம்போல அண்ணனைத்தான் பார்த்தாள்.

"இவர் சொல்றது சரியாண்ணா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர், மெதுவாக. "அவரையே கேளு."