கண் முழிச்சிட்டாங்க

கன்னட நாட்டு மருத்துவமனை ஒன்றின் இதய அறுவைப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டென்டாக நான் சேர்ந்த காலத்தில், நான் யார் என்று விளக்குவதே பாதி வேலையாக இருந்தது. மருத்துவன் அல்ல, செவிலியும் அல்ல. பைபாஸ் சிகிச்சைக்குக் காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்துக் கொடுப்பேன். அறுவை நிபுணர் தைக்கும்போது எதிர்ப்பக்கம் நிற்பேன். கடைசியில் மார்பை மூடுவேன். பிறகு வெளியே சென்று உறவினர்களிடம் பேசுவேன். இவ்வளவையும் கேட்டுக்கொண்ட சிவாஜிநகர் கறிக்கடைக்காரர் ஒருவர், "அட, கம்பவுண்டர்னு சொல்லுங்க" என்றார் ஆறுதலாக. அன்று முதல் என் மனைவி கோபத்திலும் கொஞ்சலிலும் என்னைக் கம்பவுண்டர் என்றே அழைத்தாள்.

ஒருநாள் நான் உள்ளே மார்பை மூடிக்கொண்டிருக்க, எனக்குப் பதிலாக நிபுணரே வெளியே சென்றார். சிக்கமகளூர்ப் பக்கத்துக் கன்னடர். எங்களோடு பழகித் தமிழ் கற்றவர். காத்திருந்தது ஆஸ்டின் டவுன் தமிழ்க் குடும்பம். 'முகீத்து' என்று கன்னடத்தில் சொல்ல வேண்டியதை மரியாதைக்காகத் தமிழாக்கி, "முடிஞ்சு போச்சும்மா" என்று நோயாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டு, களைப்பில் முகம் கழுவப் போய்விட்டார்.

அலறல் உள்ளே வரை கேட்டது. கடைசித் தையலைப் போட்டுவிட்டு நான் ஓடிச்சென்று, அறுவைதான் முடிந்தது, ஆள் நலமாக இருக்கிறார், மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று விளக்கினேன். அதற்குள் வெளியூரான ஆனேக்கல்லில் இருந்த உறவினர்களுக்குச் செய்தி போய், அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பஸ் இரைச்சலில் யாரும் போனை எடுக்கவில்லை. மாலையில் பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார்கள். கணவர் கண் விழித்த நிம்மதியில் இருந்த அந்த அம்மாள், மாலையை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கின மாலையை ஏன் வீணாக்கணும்? சாகடிச்ச டாக்டருக்கே போடுங்க."

போட்டார்கள். மாலையும் கழுத்துமாக அவர் என் அறைக்கு வந்தார்.

"ஏன் சார், முடிஞ்சு போச்சுன்னா முகீத்து தானே?"

"வேற எங்க சொன்னாலும் அதான் டாக்டர். அந்தக் கதவுக்கு வெளிய சொன்னா, ஆளு போயாச்சுன்னு அர்த்தம்."

"அய்யோ தேவரே, கடவுளே! ஒரு போச்சுக்கா இவ்ளோ?"

பின்னாளில் பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்குத் தலைவனானேன். அறுவைப் பிரிவின் நிர்வாகமும் என்னிடம் வந்தது. எத்தனையோ விதிகளைக் கொண்டுவந்தேன். பெரும்பாலானவை எனக்குப் பின் மாறிவிட்டன, நிலைத்தது ஒன்றுதான். நோயாளி கண் திறந்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிய பிறகே நல்ல செய்தி வெளியே போக வேண்டும். அதற்கு ஒரே வாசகம்: 'கண் முழிச்சிட்டாங்க'. அதுவரை யார் கேட்டாலும், 'பார்த்துட்டு இருக்கோம்'.

என் மனைவி அந்த விதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலையில் நான் காப்பியைக் கட்டிலருகே வைத்தால், இமை திறக்காமலே சொல்வாள்: "கம்பவுண்டர், வெளிய போய்ச் சொல்லிடுங்க. கண் முழிச்சிட்டாங்க."

நான் ஓய்வுபெற்ற பிறகு அவளுடைய இதய வால்வு சுருங்கியது. அதே மருத்துவமனை, அதே நிபுணர். தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது அவரிடம், "மாலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன் டாக்டர்" என்றாள். "அம்மா, நீங்க சும்னே... சும்மா இருங்க" என்று அவர் கைகூப்பினார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தக் கதவுக்கு வெளியே உறவினர் நாற்காலியில் நான் அமர்ந்தது அன்றுதான் முதல் முறை. என் பழைய இடத்தில் இப்போது இருக்கும் பெண் வந்தாள்.

"வால்வு நல்லா வேலை செய்யுது சார். பார்த்துட்டு இருக்கோம்."

மறுபடி வந்தாள். "பிரஷர் நல்லா இருக்கு சார். யூரின் நல்லா போகுது. பார்த்துட்டு இருக்கோம்."

எல்லாம் நன்றாகவே இருந்தது. நான் காத்திருந்த சொல் மட்டும் வரவில்லை. அறுவைக்குப் பின் எந்நேரத்துக்குள் இமை அசைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுந்து உள்ளே போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். போகவில்லை. அவளுடைய கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பவனாக நான் இருக்க விரும்பவில்லை. வெளியே இருந்தவரை, ஒன்றும் தெரியாத கணவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் நிபுணர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். கன்னடத்தில் தொடங்கி நிறுத்தினார். ஆங்கிலத்தில் தொடங்கி அதையும் நிறுத்தினார். பிறகு தமிழில், "சார், அம்மா..." என்றார். அவர் எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தவிர்க்கக் கற்பித்தவனே நான்தான். அவருடைய விரல்கள் தொப்பியின் நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தன.

"முடிஞ்சு போச்சா, டாக்டர்?" என்று நானே கேட்டேன்.

"ஹௌது, சார்" என்றார் தன் மொழியில். ஆமாம் என்பதைத் தமிழில் சொல்ல அவரால் முடியவில்லை.

இப்போதெல்லாம் விழிப்பு வந்த பிறகும் சிறிது நேரம் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன். வெளியே போய்ச் சொல்ல ஆள் இல்லை. வெளியே காத்திருப்பவரும் இல்லை. பிறகு எழுந்து காப்பி போடுகிறேன்.