சிவப்பு அட்டை கட்டிய புத்தகங்கள்

எங்கள் நூலகத்து வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். இருங்காட்டுக்கோட்டையில் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் பல வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். வேலைக்கு வந்த அன்றே சாயந்திரம் என் டிபன் பாக்ஸைக் காட்டி, "இத்த வெளிய எடுத்துக்கினு போறதுக்குப் பாஸ் கீதுங்களாம்மா?" என்றார். நான் இந்த நூலகத்தின் நூலகர். பாஸ் என்று ஒன்று இருந்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டியவளே நான்தான் என்று கத்தினேன். "அப்போ போட்டுக் குடுங்க" என்று ஒரு சீட்டுக் கட்டை நீட்டினார். சொந்தச் செலவில் அச்சடித்து வைத்திருந்தார் மனுஷன்! 'பொருள் திரும்பி வருமா, வராதா? வருமென்றால் எந்தத் தேதி?' என்று அதில் கேள்வி வேறு. படப்பைக்குப் போகிற ஷேர் ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்கே திரும்பி வரும் என்று எழுதி, எனக்கு நானே அனுமதி கொடுத்து வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான்.

போன வருஷம் அந்த வாசல் வழியாக ஒரு இரும்புப் பெட்டி உள்ளே வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குக் குடிபோன குடும்பம் ஒன்று, ஃபிளாட்டில் இடமில்லை என்று எங்களிடம் இறக்கிவிட்டுப் போனது. திறந்து பார்த்தேன், உள்ளே பூராவும் பழைய புத்தகங்கள். மாட்டு வைத்தியம், கூத்துப் பாட்டு, கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கும் முறை. எல்லாம் எப்போதோ மூடிப்போன சின்ன அச்சகங்கள் போட்டவை. இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

சாதாரணப் புத்தகத்தைப் பட்டியலில் ஏற்றத் தலைப்பு, ஆசிரியர் போன்றவை போதும். அரிய நூல் என்றால் எந்த ஏட்டில் கிழிசல், பூச்சி எங்கே நுழைந்து எங்கே வெளியே வந்தது, ஓரத்தில் யார் என்ன கிறுக்கினார்கள் என்று ஜாதகமே எழுத வேண்டும். மாட்டு வைத்திய நூலில் கழிச்சல் பக்கத்தில் மட்டும் சாணிக்கறை. 'பயன்படுத்தப்பட்டதற்கான அடையாளம் உண்டு' என்று கௌரவமாக எழுதிவைத்தேன்.

இதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. திங்கட்கிழமை ஓர் அதிகாரி வருவார். பட்டியல் ஒழுங்காக இருந்தால் பெட்டி இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் அவரே எடுத்துப் போய்விடுவார். அங்கே கிடங்கில் போட்டால் அப்புறம் கரையானுக்குத்தான் அது நூலகம். அந்தப் பெட்டி என்னைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பார்த்து, பக்கத்துக் கார் கம்பெனியிலிருந்து சமூக சேவை என்று நான்கு பையன்களை அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், இங்கே ரூம் எடுத்துத் தங்கி, கார் பூட்டுகிற லைனில் வேலை பார்க்கிறவர்கள். தூசி தட்டச் சொல்லிவிட்டு, புத்தகங்களைச் சுற்றிவைக்க மெல்லிய மல் துணி வாங்க ஸ்ரீபெரும்புதூர் கிளம்பினேன். "நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான் அவர்களில் பெரியவன்.

பார்த்துக்கொண்டார்கள்! திரும்பி வந்தால் நூலகம் ஆஸ்பத்திரி மாதிரி பளபளக்கிறது. தரையில் மஞ்சள் டேப். நாற்காலியைச் சுற்றி ஒரு கட்டம், 'நாற்காலி' என்று சீட்டு. குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம். மேஜைமேல் என் பேனாவுக்குக்கூடச் சின்னதாக ஒரு கட்டம், 'பேனா' என்ற சீட்டோடு. சிரிப்பு வந்தது. இரும்புப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பெட்டி எங்கேடா?"

"சிவப்பு அட்ட கட்டி அனுப்பியாச்சுக்கா. எங்க லைன்ல ஒரு வருசமா யாரும் தொடாத சாமான்னா அப்படித்தான், ஸ்கிராப்பு. எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துட்டோம். தேதிச் சீட்டே ஒட்டல, ஒருத்தரும் வாங்கிட்டுப் போனதில்ல."

"அடப் பாவிகளா!" என்று கத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே பழைய பேப்பர்காரரின் குட்டி யானை வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் கையை விரித்தபடி எங்கள் காவலாளி.

"பாஸ் இல்லாம வண்டி நவுராது" என்று அவர் சொல்ல, "பழைய பேப்பருக்கு இன்னாய்யா பாஸு? ஒரு மணி நேரமா வெயில்ல காயவுடறியே!" என்று பேப்பர்காரர் கதறினார். வண்டியிலிருந்த ஒவ்வொரு புத்தகத்திலும் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. அவரோ, "உள்ள திரும்பி எடுத்துக்கினு போவணும்னா அதுக்குத் தனிச் சீட்டும்மா" என்றார்.

பையன்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். மறுநாள் ஞாயிறு ஓ.டி. சம்பளத்தை விட்டுவிட்டு நான்கு பேரும் வந்தார்கள். கார் கதவில் மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்கிற கண்கள். ஒரு பூச்சித் துளை தப்பவில்லை. 'கீழ் மூலை மடிப்பு, மேல் ஓரம் எண்ணெய்க்கறை' என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் "ரிஜெக்ட்" என்று முடித்துக்கொண்டே இருந்தான். "இங்கே ரிஜெக்ட்டே கிடையாதுடா" என்று தலையில் குட்டினேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பட்டியலைப் படித்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம் மேடம்! இவ்வளவு அரியதா? அப்படியானால் இது இங்கே இருக்கவே கூடாது. நான் கையோடு கொண்டுபோகிறேன்."

நன்றாகச் செய்தால் இருக்கும் என்றார்கள். நன்றாகச் செய்ததால் போகிறதாம்! மேலதிகாரியிடம் என்ன சண்டை போடுவது? பெட்டி ஜீப்பில் ஏறியது. ஜீப் வாசலுக்குப் போனது. நின்றது.

"பாஸ் சார்?"

அதிகாரி அதட்டினார். தன் பதவியைச் சொன்னார். "இருக்கட்டும் சார். திரும்பி வருமா, வராதா? வரும்னா எந்தத் தேதி? கீழ அம்மா கையெழுத்து."

வராது என்று எழுதித்தர அதிகாரிக்கு மனமில்லை. வரும் என்றால் தேதி வேண்டும். "சரி, நீங்களே ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் மேடம்" என்று ஜீப்பிலிருந்தே சீட்டை என்னிடம் நீட்டினார். நான் உள்ளே போய்ப் பேனாவைத் தேடினேன். இழுப்பறையில் தேடினேன், பீரோவுக்குப் பின்னால் தேடினேன், பையன்கள் கட்டம் போட்ட அந்த மேஜையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. அதிகாரிக்குச் சென்னையில் மத்தியானம் மீட்டிங். கடைசியில், "இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்" என்று பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்.

சாயந்திரம் நான் கிளம்பும்போது காவலாளி வழக்கம்போலச் சீட்டுக் கட்டை நீட்டினார். "டிப்பன் பாக்ஸுக்குப் பாஸ் கீதுங்களாம்மா?"

உள்ளே போனேன். பேனா உடனே கிடைத்தது.