தபால் பெட்டி வரை

மெல்பேர்ன் நகரின் டண்டினொங் பகுதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம், இரத்தம் எடுக்கிற லக்சிகாவுக்கு நல்ல பெயர். அவள் லீவில் நிற்கிற நாளில் "நாளைக்கு வாறம்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் அவள் நோகாது என்று பொய் சொல்வதில்லை. "கொஞ்சம் நோகும், கெதியா முடிஞ்சிடும், கையை நீட்டுங்கோ" என்பாள். சிறுமியாகத் தாயோடு அகதியாக வந்தவளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. ஒரு மகள், இரவு ஷிப்ட் செய்கிற கணவன், ஓயாத கால்கள்.

மகளின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதியைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று தாய்மார் நகர கவுன்சிலுக்கு எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பிரவீணா, கோயம்புத்தூர்க்காரி, கணக்காளர். "எழுதுனது போதும், நானே எலெக்‌ஷன்ல நிக்கிறேன்" என்று சுயேச்சையாக இறங்கினாள்.

"நில்லுங்கோ அக்கா. சனத்தைத் திரட்டுறது என்ரை வேலை" என்றாள் லக்சிகா.

கவுன்சில் தேர்தல் முழுக்கத் தபாலில்தான். வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே விருப்ப வரிசைப்படி எண்களை நிரப்பி, உறையில் கையெழுத்திட்டு, கடைசி வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். வரிசையில் நிற்கிற சிரமம் இல்லை. அதனாலேயே மறந்து போவதும் சுலபம்.

ஆதரவாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு உயிர் நித்தியானந்தன் அங்கிள். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதியோர் சங்கத்தில் அவர் சொல்லுக்கு மறுபேச்சில்லை. சீட்டுகள் வீடுகளுக்கு வந்த அன்றே அவர் எழுதிவிட்டார்: "வெண்டாச்சு பிள்ளையள்! கொண்டாட மண்டபம் பாருங்கோ." எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை வீடு வீடாகப் போக வந்தவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம்.

அதைப் பார்த்துப் பிரவீணாவின் கணவன் கௌரிசங்கர் பயந்துவிட்டான். "நிலைமை ரொம்ப மோசம். தோத்துருவோம்" என்று இரவோடு இரவாகக் குழுவில் எழுதினான். மறுநாள் அந்த ஒரு கார் அளவு ஆட்களும் வரவில்லை. துண்டுப்பிரசுரம் கொடுக்கிற பார்கவி, "தோக்கப்போறதுக்கு எதுக்குங்க மழையில நனையணும்?" என்று ஃபோனில் கேட்டாள்.

லக்சிகா நேரே கௌரிசங்கரிடம் போனாள்.

"அண்ணா, நேற்று சனம் அங்கிளை நம்பி வீட்டில இருந்தது. இண்டைக்கு உங்களை நம்பி வீட்டில இருக்குது."

"அதுக்கு? பொய்யா சிரிச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"பொய் வேண்டாம். வெல்லலாம், ஆனா இன்னும் வெல்லேல்லை. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அவன் தலையை ஆட்டினான். ஆனால் முகம் தெளியவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும், முதியோர் சங்கத்தாருக்கு ஃபோன் பண்ணி நினைவூட்டச் சொல்லிக் கேட்க லக்சிகா அங்கிள் வீட்டுக்குப் போனாள். குசினியில் தேத்தண்ணி கொடுத்தார். கோப்பையை வாங்கும்போதுதான் கண்டாள்: ஃபிரிட்ஜுக்கு மேலே, சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்கு அடியில், அந்த வீட்டு வாக்குச்சீட்டு உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

சுர்ரென்று ஏறிய கோபத்தைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினாள்.

"அங்கிள், அது என்ன?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "எப்பிடியும் வெல்லுவம் தானே, ஆறுதலாப் போடுவம் எண்டு விட்டிட்டன் பிள்ளை. நீ போற வழியில போட்டு விடுறியே?"

"நான் தொடக்கூடாது அங்கிள். வேட்பாளரின்ரை ஆக்கள் மற்றவையின்ரை வாக்கைக் கையில எடுக்கக்கூடாது. நீங்கள் நிரப்புங்கோ. தபால் பெட்டி வரைக்கும் கூட வாறன்."

அங்கிள் வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லோரும் அவரவர் சீட்டை நிரப்பி ஒட்டிக் கொடுக்கும் வரைக்கும் லக்சிகா வெளியே நின்றாள். பிறகு இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். உறைகள் அங்கிளின் கையில் இருந்தன. சிவப்புப் பெட்டியடியில் நின்று, "என்ரை வீட்டிலயே இப்பிடியெண்டால் மற்ற வீடுகள்?" என்று தானே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை எடுத்துக் குழுவுக்குக் குரல் பதிவு செய்தார்.

"நித்தி கதைக்கிறன். வெல்லுவம் எண்டு சொன்னது நான்தான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன். ஆனா என்ரை வீட்டு வாக்கே இவ்வளவு நாளும் ஃபிரிட்ஜுக்கு மேல கிடந்தது, இப்பதான் பெட்டிக்குள்ள போகுது. உங்கட வீட்டில எங்க கிடக்குது எண்டு எழும்பிப் பாருங்கோ."

குழு அல்லோலகல்லோலப்பட்டது. ஒருவருக்குப் பழக்கூடையில், ஒருவருக்குக் காரின் பின் சீட்டில், ஒருத்திக்கு மகனின் பள்ளிப் பைக்குள். வியாழன் மாலை பிரவீணாவின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பார்கவி குடையோடு வந்தாள். கௌரிசங்கர் தெருக்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தான். அன்று அவன் குரலில் நடுக்கமில்லை: "ஜெயிக்கிற இடத்துலதான் இருக்கோம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடாதீங்க." லக்சிகா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

வெள்ளி மாலையில் கால்கள் கெஞ்சின. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, பசிதான் வந்தது.

தபால் வாக்கு எண்ணி முடிய நாள் பிடிக்கும். முதல் எண்ணிக்கையில் பிரவீணா இரண்டாம் இடம். கடைசி இடங்களில் வந்து விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பு வாக்குகள் சேரச் சேர மேலே வந்தாள். முடிவு வந்தபோது லக்சிகா மரக்கறிக் கடை வரிசையில் நின்றாள்.

"ஜெயிச்சுட்டோம் லக்சிகா!" கௌரிசங்கர் ஃபோனில் அழுதுகொண்டே சொன்னான். "வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். நாம போன ஒரே ஒரு தெருவை விட்டிருந்தாக்கூடப் போச்சு!"

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். காசாளர் பெண் நிமிர்ந்து பார்க்க, "வீ வொன்!" என்றாள். எதில் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இருந்தும் கத்தரிக்காயை எடை போட்டபடியே, "குட் ஆன் யூ, லவ்" என்று வாழ்த்தினாள்.