மஞ்சள் மலைக்கு ஃப்னூ வரவில்லை

சீனாவில் ஐந்து மாதம் இருந்துவிட்டு பிளெய்ன்ஸ்பரோ திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. பெட்டி இன்னும் பாதிதான் பிரித்திருக்கிறேன். அதற்குள் மூன்று பேர் "ஹுவாங்ஷான் எப்படிப் போறது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டதால், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஹுவாங்ஷான் என்றால் மஞ்சள் மலை. மலை மஞ்சளாக எல்லாம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நான் ஈரோட்டுக்காரி. நியூ ஜெர்ஸியில் ஒரு மருந்து கம்பெனியில் ஆய்வகத் தரவுகளைச் சரிபார்க்கும் வேலை. ஜூன் மாதம் எங்கள் கம்பெனியின் சுஜோ ஆய்வகத்துக்கு என்னை அனுப்பினார்கள். சுஜோ ஷாங்காய்க்குப் பக்கத்து ஊர், வேக ரயிலில் அரை மணி நேரம். செய்தி கேட்டதும் என் ரூம்மேட் சுபா என்னை ஐசலினுக்கு இழுத்துக்கொண்டு போய் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் தள்ளுவண்டியை நிரப்பினாள்.

"ஏன்டி, நீ வெஜிடேரியன். அங்க போய் என்னத்தடி சாப்பிடுவ? பேசாம இந்த புளிக்காய்ச்சல் பாட்டில் ஆறு பேக் பண்ணிக்க."

"ஆறா? கஸ்டம்ஸ்ல என்னைப் புளி கடத்துறவள்னு பிடிச்சிருவாங்கடி!"

நாலு பாட்டில் கொண்டுபோனேன். இரண்டைத் திறக்கவே இல்லை. சோயாப் பாலில் செய்யும் தோஃபுவில் மட்டும் இத்தனை வகை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை!

பயணத்துக்குப் போவதற்கு முன்னால் என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் சிக்கலே அதுதான். என் பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் யாழினி என்று இருக்கும். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அப்பா பெயர் மகாலிங்கம் இனிஷியலாக முன்னால் வரும், ம. யாழினி, முடிந்தது கதை. ஆனால் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் காலியாக இருக்கக் கூடாதாம். அதனால் யாழினியைக் கொண்டுபோய் குடும்பப் பெயர் கட்டத்தில் வைத்துவிட்டு, என் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பிறகு அதுவே லைசென்ஸில், கம்பெனி அட்டையில், சம்பளச் சீட்டில், மின்னஞ்சலில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. முதல் நாளே மேனேஜர் அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து வாசித்து, கையை நீட்டி, "ஹாய் ஃப்னூ!" என்றார். சிரித்துக்கொண்டே கை குலுக்கினேன். இரண்டு வருடத்தில், ஃப்னூ என்று யாராவது கூப்பிட்டால் தன்னால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

சுஜோவில் என் பக்கத்து மேசை லின் யுவே. என் வயதுதான். வடக்கே ஹார்பினிலிருந்து வந்தவள், சத்தமாகச் சிரிப்பாள். முதல் நாள் என் அட்டையைப் பார்த்து, முதல் மூன்று எழுத்தைத் தாண்டி, "யா ஜ்ழ் நி" என்று வாசித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கில எழுத்தில் எழுதினால் என் பெயர் அப்படியே மூன்று சீன அசைகளாகப் பிரிகிறதாம். அவளுக்கு அது ஏதோ சீனப் பெயர் போலத்தான் தெரிந்தது. சொல்லிக் காட்டினேன். இரண்டாவது முறையே 'யாழினி' என்று சுத்தமாகச் சொன்னாள், ழகரத்தோடு! சீன மொழியில் 'மனிதன்', 'சூடு' போன்ற சொற்கள் கிட்டத்தட்ட ழகரத்தில்தான் தொடங்குகின்றன. வடக்கத்திக்காரர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சுஜோ பக்கத்தில் பலருக்கு வராது. நம்மூரில் வாளப்பளம் விற்கிறவர்கள் இல்லையா, அது மாதிரி.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பவர்களுக்கு: காலை ஏழரைக்கு வாடகை சைக்கிள், அரை மணிக்கு ஒன்றரை யுவான். சைக்கிளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். கேன்டீனில் முட்டைகோஸ், தோஃபு, சோறு பதினெட்டு யுவான். எங்கே உட்கார்ந்தாலும் வெந்நீர்தான் கொடுப்பார்கள், ஆகஸ்ட் வெயிலிலும்! சாயங்காலம் குடியிருப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்று ஒலிபெருக்கி வைத்து ஆடுவார்கள். மூன்றாவது வாரத்தில் கடைசி வரிசையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் லின்னோடு கால்வாய், தோட்டம், பட்டுச் சந்தை என்று சுற்றல். ரயில் டிக்கெட் எல்லாம் அவள்தான் போடுவாள்.

ஆய்வகச் சுவரில் ஒரு காலண்டர். அக்டோபர் பக்கத்தில் மேகத்துக்கு நடுவே பாறை, பாறையில் ஒற்றைப் பைன் மரம். அதுதான் ஹுவாங்ஷான். அந்தப் பக்கத்தைத் திருப்பிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் வேலை விடவில்லை. மிச்சமிருந்தது அக்டோபரின் கடைசிச் சனி, ஞாயிறு மட்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு நூவர்க் விமானம். இந்த முறை டிக்கெட்டை நானே போடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி, சீனச் செயலியில் தட்டுத் தடுமாறிப் போட்டேன். சுஜோவிலிருந்து ஹுவாங்ஷான் வடக்கு நிலையம் சுமார் நானூறு கிலோமீட்டர், மூன்று மணி எட்டு நிமிடம், இரண்டாம் வகுப்பு 246 யுவான். மலை உச்சி விடுதியில் எட்டுப் படுக்கை கொண்ட பெண்கள் அறையில் ஒரு படுக்கை 320 யுவான். அந்தக் குழப்பமான செயலியில் டிக்கெட் எடுத்துவிட்ட பெருமையில் அன்று தனியாக ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை. ரயில் காலை 8:12. நானும் லின்னும் 7:25-க்கே நிலையத்தில். சீனர்கள் அடையாள அட்டையை வைத்தால் கதவு திறந்துவிடும். நாம் பாஸ்போர்ட்டோடு ஆள் நிற்கும் வரிசைக்குப் போக வேண்டும். வரிசை மெல்ல நகர்ந்து என் முறை வந்தபோது 7:44. காவலர் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. ஒன்பதாம் எண் ஜன்னலுக்குப் போகச் சொன்னார்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த ஒரு நாற்பது வயது அக்கா. திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லின் மொழிபெயர்த்தாள்.

"டிக்கெட்டுல முன்னாடி ஒரு பேர் இருக்கு, பாஸ்போர்ட்டுல அது இல்லையாம். எஃப்.என்.யூ.ன்னு. யாரு அது?"

குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று செயலி கேட்டபோது, என் கை தன்பாட்டுக்கு அமெரிக்க அட்டையில் இருப்பதை எழுதியிருக்கிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் பெயர் தெரியவில்லை என்று நானே, என் கையால், முழு உற்சாகத்தோடு தட்டி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மணி 7:51. இந்த ரயிலை விட்டால் அடுத்தது 12:40. அதில் போனால் மலையடிவாரம் சேர ஐந்தரை ஆகும். கடைசிக் கேபிள் கார் நாலரைக்கே முடிந்துவிடும். படுக்கை போச்சு, சூரியோதயம் போச்சு, செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் பொறி தட்டியது. பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் இல்லை என்று யார் சொன்னது? ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பக்கத்தைப் புரட்டி அமெரிக்க விசாவைக் காட்டினேன். அங்கே கொட்டை எழுத்தில் எஃப்.என்.யூ.!

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அப்ப இதுதான் உங்க குடும்பப் பேரா?"

லின் என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் விளக்க, அவள் சீனத்தில் விளக்கினாள். "இல்லைங்க. அமெரிக்காக்காரங்களுக்கு இவ பேர் தெரியலையாம். அதைத்தான் பேரா எழுதி வச்சிருக்காங்க."

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். எனக்கோ கடிகாரத்தில் கண். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

"சரி, உங்க ஊர்ல உங்க பேரை எப்படித்தான் எழுதுவாங்க?"

"அப்பா பேர் முன்னாடி. எம் பேர் பின்னாடி," என்றேன், தெரிந்த சீனத்தில். ஏற்ற இறக்கம் எல்லாம் தப்பாகத்தான் இருந்திருக்கும். துண்டுக் காகிதத்தில் ம. யாழினி என்று தமிழில் எழுதியும் காட்டினேன்.

அவர் அந்த 'ம'வின் மேல் விரலை வைத்தார். "வீடு முன்னாடி, ஆள் பின்னாடி. நம்ம சீனப் பேர் மாதிரியே! இதுல தெரியாததுக்கு என்ன இருக்கு?"

தட்டினார், எதையோ அழித்தார், ஒரு சீட்டில் முத்திரை குத்தி நீட்டினார். மணி 8:01. அந்தச் சீட்டில் என் பெயர் மட்டும் இருந்தது. முன்னால் எதுவும் இல்லை. நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. ஓடினோம். கதவு மூட ஒரு நிமிடம் இருக்கும்போது நடைமேடை. உட்கார்ந்த பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக் குழந்தை எழுந்துவிட்டது.

ஹுவாங்ஷான் வடக்கு 11:20. வெளியே வந்ததும் வலப்பக்கம் பேருந்து நிலையம். அங்கிருந்து அடிவார ஊரான தாங்கோவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், முப்பது யுவான். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். நான் சைவம் என்று தெரிந்ததும், "அப்ப முடி தோஃபு சாப்பிடாம போகக் கூடாது!" என்றார். வெள்ளைப் பூஞ்சை முடிபோல வளரவிட்டுப் பொரிக்கும் தோஃபு. பார்த்தால் பயமாக இருக்கும். மிளகாய் விழுதோடு நான் இரண்டு தட்டு முடித்தேன், தட்டு பதினைந்து யுவான்.

தாங்கோவிலிருந்து மலைப் பேருந்து 19, நுழைவுச் சீட்டு 190, யுன்கு கேபிள் கார் 80. வரிசையில் மட்டும் ஒரு மணி இருபது நிமிடம் நின்றோம். மேலே போகப் போகக் காதடைத்தது. பிறகு மேகத்துக்குள் நுழைந்தோம், பிறகு மேகத்துக்கு மேலே வந்தோம். என் காலண்டர்! கத்திவிட்டேன். கேபிள் காரில் இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே எல்லாரும் விடுதியின் செம்மஞ்சள் கோட்டுகளை மாட்டிக்கொண்டு பாறை முனைக்குக் கிளம்பினார்கள். நாலு டிகிரி குளிர். சூரியன் 6:16-க்கு வர வேண்டும். வரவில்லை! மூட்டம். 6:40 வரைக்கும் சாம்பல் நிறம்தான். ஒரு முந்நூறு பேர் தொங்கிய முகத்தோடு வெந்நீர் குடித்துக்கொண்டு நின்றோம். அப்போது யாரோ பள்ளத்தாக்கைப் பார்த்து "நான் வந்துட்டேன்!" என்று கத்தினார். எதிரொலி வந்தது. உடனே ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

லின் என் தோளைத் தட்டினாள். "நீயும் கத்து."

"என்னன்னு?"

"உன் பேரைத்தான். ரயில்ல ஏற அவ்வளவு பாடுபட்டியே."

கத்தினேன். "யாழினீ!" மலை திருப்பிச் சொன்னது. லின்னும் கத்தினாள். எங்களுக்குப் பக்கத்தில் பெய்ஜிங்கிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பெண்கள் குழு ஒன்று, எல்லாருக்கும் ஒரே சிவப்புத் தொப்பி. அது ஏதோ வெளிநாட்டு வாழ்த்து என்று நினைத்துக்கொண்டார்களாம். இருபது பேரும் சேர்ந்து, கைகளை விரித்து, "யா...ழி...னீ!" என்று பள்ளத்தாக்கைப் பார்த்து முழங்கினார்கள். ழகரம் அச்சுப் பிசகவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாழ்த்து இல்லை, பெயர் என்று லின் சொன்னதும், ஒரு பெண் என் கையைப் பிடித்து, "நல்ல பேர், வாய் நிறைய வருது," என்றார். சூரியன் வந்ததா என்று கேட்காதீர்கள். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை, அப்போது தப்பித் தவறியும் போகாதீர்கள். உச்சியில் தண்ணீர் பாட்டில் பத்து யுவான் வரை, கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, முழங்கால் வலி இருந்தால் இறங்கவும் கேபிள் கார்தான். என் தலைக்கு இரண்டு நாளும் சேர்த்து சாப்பாட்டோடு 1,380 யுவான் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்து எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ஞாபகம் என்னை ஏமாற்றிவிட்டது.

போன திங்கட்கிழமை அலுவலகத்தில் மேனேஜர் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். நல்ல மனிதர், தப்புச் சொல்ல முடியாது. "வெல்கம் பேக், ஃப்னூ!"

"அது என் பேர் இல்லை," என்றேன். "என் பேர் யாழினி. இரண்டு வருஷம் முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாசினி என்றார். யாலினி என்றார். பத்து நிமிட முயற்சிக்குப் பிறகு யாரினி வரைக்கும் வந்தார். அதையே நிறுத்தி நிறுத்தி, யார்... இனி... என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார்.

நான்தான், இனி.