முற்றத்தை மூடச் சொன்னவள்

என் வீட்டுக்காரரு பேரு உமாபதி. பேரை நான் வாயால சொல்றது இல்ல. உங்களுக்குத் தெரியணுமேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன், அவ்ளோதான். பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருவுக்குப் போயி, "கம்முனு இருப்பாரே, அவரு வூடு எது?"ன்னு கேட்டீங்கன்னா யாரு வேணா கைகாட்டுவாங்க. எனக்கும் சேர்த்து அவரு கம்முனு இருப்பாரு, அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். கல்யாணம் ஆன நாளா அப்படித்தான்.

எங்க வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரு, ஜன்னல் வைக்க வழியே கெடையாது. முன்கூடத்துல குழித்தறி. தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலை வுட்டுக்கினு உக்காந்து நெய்யறது. பன்னெண்டு வயசுலேருந்து அவரு காலு அந்தக் குழியிலதான். பக்கத்துலயே நான் ராட்டினத்தைப் போட்டுக்கினு நூல் சுத்துவேன். காலையில நாஸ்தா முடிச்சு உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் ஒரே கூடத்துல ரெண்டு பேரும். தெருவுல யாரு யாரோட சண்டை, எந்த மாமியாரு எந்த மருமவளைத் திட்டினா, எல்லாத்தையும் நான் சொல்லிக்கினே இருப்பேன். அவரு "உம்"னு ஒண்ணு கொட்டுவாரு. ஊருல பொம்பளைங்க நகை நட்டுக்கு ஆசைப்படுவாங்க. எனக்கு அந்தக் கூடத்துல அவரு பக்கத்துல உக்காந்திருக்கிறதுதான் சொகம். வெக்கத்தை வுட்டுச் சொல்றேன்.

வீட்டு நடுவுல ஒரு முற்றம் இருந்துச்சு. எட்டுக்கு எட்டு அடி, மேல வானம். மழை பேஞ்சா உள்ள கொட்டும். நூல் நனையுதுன்னு நான் சாக்கைத் தூக்கிக்கினு ஓடணும். தொண்ணூத்தி நாலுல எதிர்வீட்டு ஏலவார்குழலி அவ முற்றத்தை சிமெண்ட் ஷீட்டு போட்டு மூடி, கீழ ரெண்டாவது தறி போட்டுட்டா. அவ மினுக்கிக்கினு நடந்தது எனக்குப் பொறுக்கல. "நம்ம குமரகுருவுக்கு வயசு பதினேழு ஆவுது, அவனுக்குன்னு ஒரு தறி வேணாமா?"ன்னு ஆரம்பிச்சேன்.

"அது வூட்டுக்கு மூக்கு மாதிரி-மா, மூட வேணாம்"னாரு.

நான் வுடுவேனா? மூணு மாசம் ரோதனை பண்ணேன். சோறு போடறப்ப அதே பேச்சு, தண்ணி குடுக்கிறப்ப அதே பேச்சு. கடைசியில மனுசன் தாங்காம ஷீட்டு போட்டாரு. கீழ பையனுக்குத் தறி வந்துச்சு, குழி இல்லாம தரைக்கு மேலயே நிக்கிற தறி. அன்னிக்கு நான் தெரு பூரா கேசரி குடுத்தேன்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையிலயே இருமல் வந்துடுச்சு. சளின்னு நெனச்சேன். மிளகுக் கஷாயம் குடிச்சேன். மழை நின்னும் இருமல் நிக்கல. முன்னல்லாம் அடுப்புப் புகை முற்றத்து வழியா நேரா மேல போயிடும். இப்ப கூடத்துக்கு வந்து, தறியைச் சுத்தி, என் மூக்குல நுழையும். ஈரத்துணி காயப் போட வேற எடம் இல்லாம உள்ளயே கொடி கட்டினேன். சுவத்துல இடுப்பு ஒசரத்துக்குக் கறுப்புக் கறுப்பா பூஞ்சாணம் பூத்துச்சு. துடைச்சா நாலு நாள்ல திரும்ப வந்துடும். தெருப்பக்கத்துக் கதவையாவது தெறக்கலாம்னா, காத்து பட்டா பட்டு நூல் உலர்ந்து பட்டு பட்டுனு அறும், நெசவுக்காரன் எவன் கதவைத் தெறந்து போடுவான்? தொண்ணூத்தாறுல ராட்டினத்தை நாலு சுத்து சுத்தினா நெஞ்சு விசிலடிச்சுது.

டாக்டர் சாமுவேல்னு ஒருத்தரு, பஸ் ஸ்டாண்டாண்ட கிளினிக்கு வெச்சிருந்தாரு. நெஞ்சுல கொழாயை வெச்சுப் பார்த்துட்டு மாத்திரையை எழுதப் போனவரு, எழுதாம, "உங்க வூட்டைப் படம் போட்டுக் காட்டுங்க"ன்னாரு. என்கூட வந்திருந்த இவரு, சீட்டுப் பின்னாடி டாக்டர் பேனாவால நீளமா ஒரு கட்டம் போட்டு, இது கூடம், இது தறி, இது இன்னொரு தறி, இது அடுப்பங்கரைன்னு காட்டினாரு.

"காத்து எது வழியா வருது, எது வழியா போவுது? ரெண்டு வழியும் இருந்தாதான் வூட்டுக்குள்ள ஈரமும் புகையும் தங்காது. நடுவுல தெறந்த எடம் எதுனா இருந்துச்சா?"

இவரு என் மூஞ்சியப் பார்த்தாரு. நான் டக்குனு, "இல்ல சார், முன்னாலேருந்தே இப்படித்தான்"னுட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. மூணு மாசம் உசுரை எடுத்து மூட வெச்சவ நான். என் வாயாலயே அதைப் பிரின்னு எப்படிச் சொல்றது? பிரிச்சா பையன் தறி எங்க போவும்? தறி இல்லன்னா அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது கம்பெனிக்கு ஓடிடுவான்னும் பயம். இவரு பேனாவை டாக்டர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டாரு.

கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல இருந்து பாருங்கன்னாரு டாக்டர். திருப்பருத்திக்குன்றத்துல என் தங்கச்சி துர்காதேவி வீடு. சுத்திலும் வயலு, நாலு பக்கமும் ஜன்னலு. பத்தே நாள்ல இருமல் போன எடம் தெரியல. பதினோராவது நாளு கெளம்பி ஆசையா வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் சோறு வடிக்கிறதுக்குள்ள மூச்சு முட்டி, பையன் ஆட்டோ புடிச்சு திரும்பக் கொண்டாந்து வுட்டான். இப்படி எத்தினி தடவை! சைக்கிள்ல இருவது நிமிஷ தூரம். அந்த இருவது நிமிஷத்துக்கு அந்தாண்ட என் வீடு, என் கூடம், என் மனுசன். அஞ்சு வருஷம் நான் இந்தாண்ட உக்காந்திருந்தேன்.

அமாவாசைக்குத் தறி லீவு. அன்னிக்கு விடியறப்பவே சைக்கிள் பெல் சத்தம் கேக்கும். கேரியர்ல ஒரு தலையணை கட்டியிருக்கும். சிரிக்காதீங்க, வெவரமா சொல்றேன். வீட்டுல எதுனா ஒண்ணு புதுசா பண்ணுவாரு. பண்ணி ஒரு மாசம் கூடத்துலயே அந்தத் தலையணையைப் போட்டு வெச்சிருந்து, அமாவாசையன்னிக்கு எனக்குக் கொண்டாருவாரு. "மோந்து பாரு"ம்பாரு. நான் மூஞ்சியைப் பொதைச்சுப் பார்க்கணும். இருமல் வரலன்னா வீடு சரியாயிடுச்சுன்னு கணக்கு. எனக்குன்னா அதுல அவரு தலைக்குத் தேய்க்கிற எண்ணெ வாசனை கொஞ்சம் வராதான்னு இருக்கும். வரும். அப்பால ஈர நாத்தமும் வரும், இருமலும் வரும்.

இன்னா இன்னா பண்ணாரு தெரியுமா? வெறகு அடுப்பை எடுத்துட்டு கேஸ் அடுப்பு வாங்கினாரு. கொசுவத்தி கொளுத்தறதை நிறுத்தி வலை கட்டினாரு. துணியெல்லாம் மாடியில காயப் போட்டாரு, மழைன்னா துணியே தோய்க்கறது இல்ல. என்னை வரவேக்கிறாராம், சுவத்துக்குப் பளபளன்னு ஆயில் பெயிண்டு அடிச்சாரு. ஈரம் உள்ளயே அடைபட்டு, பெயிண்டு கொப்புளம் கொப்புளமா உப்பிக்கினு வந்துச்சு. அதை மூணு மாசம் ஒத்தை ஆளா சொரண்டி எடுத்து, திரும்ப சுண்ணாம்பு அடிச்சாரு. அடுப்பங்கரைச் சுவத்துல ஓட்டை போட்டு காத்தை இழுக்கிற ஃபேன் மாட்டினாரு. டாக்டரு, "உள்ள வர வழி இல்லாம வெளிய இன்னாத்த இழுக்கும்-பா?"ன்னு கேட்டாராம். அதையும் வந்து எங்கிட்ட அப்படியே சொன்னாரு. நான் சோத்தைப் பெசைஞ்சுக்கினே தலையைக் குனிஞ்சுக்கினேன்.

ரெண்டாயிரத்து ஒண்ணு, ஆடி அமாவாசை. வழக்கம் போல தலையணை வந்துச்சு. மோந்தேன். எப்படியாவது அடக்கிடணும்னு பார்த்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இருமிட்டேன். அவரு தலையணையை வாங்கி மடியில வெச்சுக்கினாரு.

"இனிமே இங்கியே இருந்துடு தில்லை. வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல"ன்னாரு.

அஞ்சு வருஷத்துல அவரு ஒரு தடவை கூட அப்படிச் சொன்னதில்ல. இவரும் கையை விரிச்சுட்டா நான் இன்னா ஆவறது? "முற்றம்தாங்க!"ன்னு கத்திட்டேன். "அந்த ஷீட்டுதாங்க. டாக்டர் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் மூடச் சொன்னேன், நானே சொல்றேன், பிரிச்சுடுங்க. பையன் எங்க போனாலும் போவட்டும். எனக்கு வூட்டுக்கு வரணும்!" தங்கச்சி அடுப்பங்கரையிலேருந்து எட்டிப் பார்த்தா. நான் சின்னக் கொழந்தை மாதிரி அழுதுக்கினு இருந்தேன்.

அவரு எலையில வெச்ச சோத்துல கையே வெக்காம எழுந்தாரு. சைக்கிளை எடுத்துக்கினு போயிட்டாரு.

அடுத்த அமாவாசைக்கு அவரு வரல. பெல் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கினு மத்தியானம் வரைக்கும் வாசல்ல நின்னேன். கோவம் வந்தா பேசித் தொலைக்கிற ஜென்மமா அது? அஞ்சு வருஷம் பொய் சொன்னவளை எவன் மன்னிப்பான்னு ஒரு பக்கம். பொய் சொன்னா சொல்லிட்டுப் போறா, வுடுன்னு அவரு இருக்கக் கூடாதான்னு ஒரு பக்கம். தங்கச்சி தடுத்தா. போடின்னு சொல்லிட்டு ஷேர் ஆட்டோவுல ஏறிட்டேன்.

வாசப்படியிலயே நின்னுட்டேன். வீட்டுக்குள்ள வெயிலு. முற்றத்துல ஷீட்டு இல்ல, கம்பி வலைதான் இருந்துச்சு, அதுக்கு மேல வானம். சுவரு காஞ்சு வெள்ளையா இருந்துச்சு. காத்து என் முந்தானையை இழுத்துச்சு. மூச்சை உள்ள இழுத்தேன், அடி வயிறு வரைக்கும் போச்சு. சந்தோசத்துல சிரிக்க வாயைத் தொறந்தவ கூடத்தைப் பார்த்தேன். பையன் தறி அங்க நின்னுக்கினு இருந்துச்சு. அதுக்குக் கீழ புதுசா செங்கல் பாவின தரை. குழியைக் காணோம். இவரு ஒரு ஓரமா சாந்துக் கையோட குந்திக்கினு இருந்தாரு.

"உங்க தறி எங்கங்க?"

"கழட்டிப் பரண்ல போட்டுட்டேன்-மா. குழியிலேருந்தும் ஈரம் ஏறுது. கூடத்துல ஒரு தறிதான் புடிக்கும். அவன் சின்னப் பையன், அவன் நெய்யட்டும். பரமசிவம் வூட்ல ஆறு தறி போட்டு கூலிக்கு நெய்ய வெக்கிறாங்க, நாளையிலேருந்து எனக்கு அங்க வேலை."

"நான் பொய் சொன்னேன்னு கோவமா?"

"டாக்டர்கிட்ட சொன்னப்பவே பொய்யின்னு தெரியுமே. அந்த முற்றத்துலதானே-மா நான் பொறந்து வளர்ந்தேன்?"

கோவம் வந்தா எனக்கு மரியாதை பறந்துடும். "யோவ், தெரிஞ்சா அன்னிக்கே பிரிக்கிறதுக்கு இன்னா? அஞ்சு வருஷம்-யா! தலையணையைத் தூக்கிக்கினு அலைஞ்சியே, இன்னாத்துக்கு?"

கையில ஒட்டின சாந்தைச் சொரண்டிக்கினே சொன்னாரு. "பிரிச்சா ஒரு தறி வெளிய போவணும். போனா நான்தான் போவணும். அப்பால நீ வந்தும் நான் வூட்ல இருக்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் வூட்லயே இருக்கிற மாதிரி வேற வழி எதுனா ஆம்புடுமான்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்."

அவரு வாழ்க்கையில ஒரே மூச்சுல அவ்ளோ பேசினது அன்னிக்குத்தான். நான் என் வாழ்க்கையில வாயடைச்சு நின்னதும் அன்னிக்குத்தான்.

இப்ப எனக்கு இருமல் இல்ல. மழையிலயும் இல்ல, பனியிலயும் இல்ல. எதிர்வீட்டு ஏலவார்குழலி கூட வந்து பார்த்துட்டு, அவங்க வீட்டு ஷீட்டையும் பிரிக்கலாமான்னு கேட்டுக்கினு போனா. பையன் தறியாண்ட உக்காந்து நூல் சுத்தறேன். அவன் காதுல பாட்டு மாட்டிக்கினு நெய்யறான், எங்கிட்டயா பேசுவான்? அவரு காலையில போனா பொழுது சாஞ்சுதான் வராரு. வந்தா களைச்சுப் போயி கண்ணு சொக்குது.

அதனால மத்தியானச் சோத்தை நானே எடுத்துக்கினு பரமசிவம் வீட்டுக்குப் போறேன். அங்கயும் எங்க தெரு வீடு மாதிரிதான். கதவு சாத்தி, முற்றம் மூடி, ஆறு தறி. அவரு சாப்பிட்டதும் திரும்பக் குழியில எறங்குவாரு. நான் பக்கத்துல ஒட்டிக்கினு உக்காந்து அன்னிக்குக் கதையை ஆரம்பிப்பேன். அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல நெஞ்சுல அடைக்க ஆரம்பிச்சிடும். முந்தானையால வாயைப் பொத்திக்கினு அவருக்குத் தெரியாம இருமிப் பார்ப்பேன். அவருக்குத் தெரிஞ்சிடும். தறியை நிறுத்திடுவாரு.

"எழுந்திரு தில்லை. வூட்டுக்குப் போ"ம்பாரு.

அஞ்சு வருஷம் அந்த வூட்டுக்குப் போவணும்னு அழுதவ நான். இப்ப அவரு போன்னு சொல்றாரு, எனக்கு எழுந்துக்க மனசே வர மாட்டேங்குது.