கடைசி வரி வரைக்கும்

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியாத கண் சமாச்சாரமே கிடையாது, தன் கண்ணைத் தவிர. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர், தன் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு வருவதாக டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கண்ணைக் கசக்காதீங்க" என்றார் டாக்டர். வீடு வந்து சேரும்வரை கசக்கிக்கொண்டே வந்தார்.

கல்லாவில் உட்காரும் மனைவிக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வலது கருவிழியின் உள்தோல் ஒருநாள் கிழிந்து, நீர் புகுந்து, கண் பாலாடையாக வெளுத்தபோதுகூட "தூசு விழுந்திருக்கு" என்று சாதித்த மகானுபாவர் அல்லவா? அது ஆறி வடுவாக நின்றது. இடது கண் கான்டாக்ட் லென்ஸ் புண்ணியத்தில் ஓடியது. கடைசியில், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை வலது கண்ணில் தைத்து வைத்தார்கள்.

"சிவந்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்னைக்கே வந்துடணும். உடம்பு அதை ஏத்துக்கலைன்னு அர்த்தம். உடனே வந்தா மருந்துலயே காப்பாத்தப் பாக்கலாம்."

டாக்டர் இதை மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம், புதுக் கருவிழிக்காகக் கொடுத்திருந்த சொட்டு மருந்தை அவராகவே நிறுத்தினார். மறுவாரம் கண் சிவந்தது.

"ஏங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"ஃபேன் காத்து, அதான். எனக்கே பாடமா? தினமும் நானே டெஸ்ட் பண்றேன். கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்."

படிப்பார், ஏன் படிக்க மாட்டார்? வாடிக்கையாளர் தப்பாகப் படித்தால் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைத் திரும்பிப் பார்க்காமலே திருத்துகிறவர். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதுகூடத் தெரியாத அசடு.

மறுநாள் கடை திறந்ததும், ஒட்டடை அடிக்கிற சாக்கில் அவள் அட்டையைத் திருப்பி மாட்டினாள். வெறும் வெள்ளை முதுகு. அவர் நாற்காலியில் சாய்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். முதல் வரி, நாலாம் வரி, கடைசி வரி. ஓர் எழுத்து பிசகவில்லை.

"பாத்தியா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றே இழுத்துக்கொண்டு போகாத தன்மேலும் ஆத்திரம் வந்தது.

"கையை எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தார். வெள்ளை அட்டையைப் பார்த்தார். மெல்ல அவர் கை வலது கண்ணைக் கசக்கப் போனது.

அவள் அதைத் தட்டிவிட்டு, ஷட்டரை இழுத்துச் சாத்தப் போனாள்.